வணிகர் வைத்த இரண்டாம் கணக்கு

வேளாங்கண்ணித் திருயாத்திரை முடிந்து திரும்பும் வழியில் காரைக்காலில் இறங்கினோம். தேற்றரவு அன்னையின் ஆலயத்தில் செபித்தபின், அரசலாறு கடலோடு கலக்கும் இடத்திற்கு நடந்தோம். நாற்புறமும் தமிழ்நாடும் கடலும் சூழ, தொலைவிலுள்ள புதுச்சேரியோடு இச்சிறு நிலம் சேர்ந்திருப்பது ஏன் என்று உடன்வந்த பிள்ளைகள் வினவினர்.

1739-ஆம் ஆண்டு காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1954 வரை அவர்தம் ஆட்சி நீடித்தது. அத்தொடக்க நாட்களைத் தமிழில் எழுதிவைத்தவர் மன்னரல்லர், புலவருமல்லர். புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை.

1709-இல் பிறந்த இவர் துணி வாணிகத்தில் தழைத்தவர். சொந்தக் கப்பலும் உடையவர். இவர் கட்டிய மாளிகை இன்றும் புதுச்சேரியில் நிற்கிறது. கவர்னர் துய்ப்ளேக்ஸின் தலைமைத் துபாஷியாகவும் விளங்கினார். சரக்குக்குக் கணக்கு வைத்த அக்கையே, 1736 முதல் நாட்களுக்கும் கணக்கு வைத்தது. கப்பல் வரவு, கடைத்தெருப் பேச்சு, அரண்மனைச் சூழ்ச்சி யாவும் அதில் ஏறின. காரைக்காலின் பெயரும் ஆங்காங்கே வருகிறது.

அவருக்கு முன் தலைமைத் துபாஷியாயிருந்தவர் கத்தோலிக்கரான கனகராய முதலியார். இருவருக்கும் போட்டி உண்டு. எனினும் 1745-இல் உழவர்கரையில் முதலியார் எழுப்பிய ஆலயத்தின் விழாவைப் பிள்ளை விரிவாகவே எழுதினார். பல சாதியாருக்கும் தனித்தனியே சமைத்து விருந்திட்டதையும் குறித்தார். தமக்குத் தோன்றிய குறையையும் மறைத்தாரில்லை. நம் முன்னோரின் பக்தியையும், அவர்களைப் பிரித்த சுவரையும் ஒருங்கே காட்டும் ஏடு அது.

1760-இல் ஆங்கிலேயர் காரைக்காலைக் கைப்பற்றினர். மறு ஆண்டு சனவரியில் புதுச்சேரி வீழ்ந்த நாட்களிலேயே பிள்ளையும் மறைந்தார். ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் அவருடைய ஏடுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. 1846-இல்தான் வெளிச்சம் கண்டன. பின்னர் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தன.

இவற்றைக் கேட்ட சிறுவன் ஒருவன், "நம் வீட்டில் யார் எழுதிவைத்தார்கள்?" என்றான். நாம் வாய்திறக்கவில்லை. பழைய வீட்டை இடித்தபோது, பாட்டனாரின் பெட்டியிலிருந்த கடிதங்களை எடைக்குப் போட்டவர்கள் நாமே. அவற்றில் என்ன இருந்ததென்று பிரித்தும் பார்த்தோமில்லை.

அன்பார்ந்த குடும்பத்தாரே, பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு நம் பெயரையும் நாளையும் காக்கும். நாம் வாழ்ந்த விதத்தை நாமன்றி வேறு யார் எழுதுவார்? வீட்டில் முதியோர் இருப்பின், வரும் ஞாயிறு மாலை அவர்கள் அருகே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமருங்கள். பிள்ளைகளே எழுதட்டும். காரைக்காலிலிருந்து திரும்பிய இரவே நம் இல்லத்தில் முதல் பக்கம் எழுதப்பட்டது. எடைக்குப் போன அக்கடிதப் பெட்டியின் கதையே அதன் முதல் வரி.