மணலும் கல்லும்

காசிமேட்டில் பங்குப் பொறுப்பேற்ற முதல் ஆண்டிலேயே, என் மறையுரை ஒன்றிற்காக ஒரு மூதாட்டியின் முன் தலைகுனிய நேர்ந்தது. அன்றைய நற்செய்தி மத்தேயு ஏழாம் அதிகாரம்: பாறைமீது வீடு கட்டியவனும் மணல்மீது கட்டியவனும். குருமடத்தில் எங்கள் விவிலியப் பேராசிரியர் இப்பகுதியை அழகுற விளக்குவார். பாலஸ்தீன நாட்டில் கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடைப் படுகை, வீடு கட்ட வாகான சமதளம்போல் தோன்றும். மாரியில் திடீர் வெள்ளம் வந்து யாவற்றையும் வாரிச் செல்லும். அந்த ஓடையை நான் கண்டதில்லை, கண்டவன்போல் பேசினேன். போதாக்குறைக்கு, "நம் கரையையே பாருங்கள், மணலை நம்பினால் என்னவாகும் என்று தெரியும்" என ஓர் உள்ளூர் உவமையையும் சேர்த்தேன்.

திருப்பலி முடிந்ததும், மீன்கூடை சுமந்தே முதுகு வளைந்த அந்தப் பாட்டி வாயிலில் காத்திருந்தார்.

"சாமி, மணல்மேல கட்டினவன் முட்டாள்னு சொன்னீங்க. எங்க மாமனாரு மணல்மேலதான் கட்டினாரு. அது பாட்டுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. கல்லு வந்துதான் சாமி எங்க வூட்டக் கொண்டு போச்சு."

அவர் சொன்னது வரலாறு. துறைமுகம் இல்லாத நாளில் சென்னைக்கு வந்த கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைக்கப்பட்டு, அலை மோதினால் நெளிந்து கொடுப்பவை. அப்படகோட்டிகளே, தம் உழைப்பின் காசில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயத்தை எழுப்பினர். ஊரின் பெயரே அவரிடமிருந்து வந்தது என்பர். 1875-இல் துறைமுகப் பணி தொடங்கிற்று, 1881-இல் புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். கடலுக்குள் நீண்ட கற்சுவர்கள் காலப்போக்கில் படகோட்டியின் பிழைப்பை முடித்தன. அத்தோடு நிற்கவில்லை.

ஆண்டின் பெரும்பகுதி நம் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அப்படி ஓடும் நீரோட்டத்திற்குத் தெண்டி என்று மீனவர் பெயரிட்டிருக்கின்றனர். குறுக்கே கல் நின்றதும் மணல் தெற்கே தேங்கியது. வடக்கே வரவேண்டியது வரவில்லை. அலையோ தன் பங்கை எடுப்பதை நிறுத்தவில்லை. நாம் காற்று வாங்கப் போகும் மெரினா இவ்வளவு அகன்றது அந்த மணலால்தான். 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்தார். குருமட மாணவனாக நானும் அங்கு நடந்து, படைப்பின் பேரழகை வியந்து நாட்குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அது யார் வீட்டு முற்றம் என்று அன்று எனக்குத் தெரியாது.

முற்றம் என்றது வெறும் பேச்சுக்கன்று. கட்டுமரத்தை இழுத்து ஏற்றியது மணலில். வலை உலர்த்தியதும் பழுது பார்த்ததும் மணலில். பெண்கள் மீனை ஏலம் கேட்டது, ஊர்ப் பஞ்சாயத்து கூடி வழக்குத் தீர்த்தது, பிள்ளைகள் நடை பழகியது எல்லாம் அங்கேதான். இன்று 1984 முதல் இயங்கும் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. விடியலில் அதன் இரைச்சல் அறைவீடு வரை கேட்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் 61 நாள் தடைக்காலத்தில் மட்டும் ஊர் அமைதியாகிறது. வடக்கே கரையெங்கும் பாறாங்கற்களைக் கொட்டினர்; பின்னர்த் தூண்டில் வளைவுகள் கட்டினர். கல்லால் வந்த வினைக்கு மேலும் கல்லே மருந்தாயிற்று.

பாட்டி பேசிய அந்த வாரம், கரையோரக் குடும்பங்கள் சிலவற்றுக்கு மாற்றிடம் கேட்டு ஒரு மனு என் மேசைமேல் இருந்தது. எழுதியவன் நானே. "இயற்கையின் சீற்றத்தால் வீடிழந்த இவ்வேழை மக்கள்" என்று தொடங்கியிருந்தேன். நடை நன்றாயிருந்தது என்று எனக்குள் பெருமையும் இருந்தது. இயற்கை என்று எழுதிவிட்டால் கடவுளையும் சாட்சிக்கு இழுத்தாயிற்று. யாரும் யாருக்கும் பொறுப்பில்லை. அன்றிரவு அந்த வரியை அடித்துவிட்டு, 1875 என்று தொடங்கினேன். மனு நான்கு பக்கமாக நீண்டது.

மறுநாள் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றபடியே கேட்டார்.

"எங்க மாமனாரு பேரையும் போடுங்க சாமி" என்றார். போட்டேன்.