கண்ணாடியில் படிந்த பழுப்பு

எங்கள் வீட்டுக் கண்ணாடிகளைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. அலுமாரிக் கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி, ஷோகேஸ் கண்ணாடி, எதிலும் ஒரு விரல் அடையாளம் இருக்காது. மற்ற எல்லாவற்றிலும் குறை காணும் மாமி கூட இதில் வாய் திறப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டின் முன் ஹோலில்தான் என் இளைய மகன் கடல்மீன் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த நாட்கள் அவை. மூன்று வருடப் பெருநாள் காசையெல்லாம் சேர்த்து வைத்து வாங்கினான். இரண்டரை அடி நீளம், ஏறக்குறைய 100 லீற்றர் பிடிக்கும். அவனுடைய வாப்பா கட்டாருக்குப் போன பிறகு வாய் குறைந்துபோன பிள்ளை அவன். தொட்டி வந்த பிறகுதான் குசினிக்கு வந்து வந்து என்னோடு கதைக்கத் தொடங்கினான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே பாதி கேட்பேன், பாதி கேட்கமாட்டேன்.

ஐந்து வாரம் தொட்டியில் மீனே இல்லை. மணல், கல், சுற்றிக்கொண்டிருக்கும் உப்புத் தண்ணீர், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் வாரமே கண்ணாடியில் தேயிலைக் கறை போல ஒரு பழுப்புப் படலம் வந்துவிட்டது. மணலிலும் அதே நிறம். ஆறாம் வாரம் செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு கோமாளி மீன்கள் வந்தபோதும் அது போகவில்லை. அவனோ முன்பக்கத்தை மட்டும் துடைப்பான்.

"மற்றதைத் தொடாதீங்க உம்மா, அது தானாப் போகும்."

அழுக்கு தானாகப் போகும் என்று எந்தத் தாய் நம்புவாள்?

கண்டியில் இருக்கும் தன் ராத்தா வீட்டுக்கு அவன் மூன்று நாள் போனான். அவன் பஸ் ஏறிய அன்றே நான் வேலையைத் தொடங்கிவிட்டேன். மீன்களைப் பழைய தண்ணீரோடு வாளியில் விட்டேன். மணலைக் குழாயடியில் கலங்கல் போகும்வரை அலசினேன். கற்களைப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஃபில்டருக்குள் இருந்த பஞ்சை வெள்ளையாகும்வரை பிழிந்தேன். சவர்க்காரம் போடவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அவன் செய்வதைப் பார்த்திருந்ததால், குளோரின் நீக்கும் மருந்தைத் தண்ணீரில் விட்டு, லீற்றருக்கு 35 கிராம் கணக்கில் கடலுப்புத் தூளையும் நிறுத்துக் கரைத்தேன். மாலையில் கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் காலை ஒரு மீன் மூலையில் சரிந்து கிடந்தது. மற்றது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அவன் வீடு வந்து சேரும்போது அதுவும் இல்லை.

பிள்ளை ஏசவில்லை. ஃபில்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "பஞ்சையும் கழுவினீங்களா?" என்று மட்டும் கேட்டான். இரண்டையும் வலையில் எடுத்துக் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தான். பிறகு நான்கு நாள் என்னோடு 'ஓம்', 'இல்லை' தவிர வேறு பேச்சில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஐந்தாம் நாள் நானே போய்த் தொட்டிக்கு முன் அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தேன். "விளங்கப்படுத்துங்க மகன், இந்த முறை முழுசாக் கேட்கிறேன்" என்றேன்.

மீனின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. அது மீனுக்கே நஞ்சு. ஒருவகை பக்டீரியா அதை நைத்திரைற்று ஆக்குகிறது, அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கிய பிறகே ஆபத்து வெகுவாகக் குறைகிறது. இந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் குடியிருப்பது மணலிலும் கல்லிலும் பஞ்சிலும். அது பெருக நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும். வெறும் தொட்டியை வைத்துக்கொண்டு அவன் காத்திருந்தது இதற்காகத்தான். பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இலேசாக அலச வேண்டுமாம்.

பழுப்பு அழுக்கே இல்லையாம். டயட்டம் என்னும் ஒற்றைக் கல உயிர். அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. கண்ணாடி செய்யும் பொருளும் அதுதானே! புது மணலிலும் குழாய்த் தண்ணீரிலும் உள்ள சிலிக்கா தீரும்வரை பெருகும், பிறகு தேய்ந்து போகும். கடலில் இருக்கும் இதன் இனம்தான் உலகத்து ஒட்சிசனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தருகிறதாம். அதையல்லவா நான் பிரஷ் போட்டுத் துரத்தினேன்!

மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை குழாய்த் தண்ணீர் இல்லை, ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணீர். விளக்கைப் பன்னிரண்டு மணித்தியாலத்திலிருந்து ஏழாகக் குறைத்தான். தண்ணீர் வற்றினால் உப்பில்லாத தண்ணீரையே விடுவது என் பொறுப்பு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். வாப்பாவுக்குப் போனில் சொன்னபோது, "2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமக் கிடந்த நாட்டிலயா கடல்மீன்?" என்று சிரித்தார். அதைக் கேட்ட மகன் அடுத்த நாளே பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று வாங்கி வைத்தான்.

மூன்றாம் வாரம் காலையில் திரையை விலக்கினேன். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் இலேசான பழுப்பு. குசினியிலிருந்து ஓடிப்போய் அவனை எழுப்பினேன்.

"மகன், வந்துட்டுது!"

தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாள்!

இப்போது தொட்டியில் நான்கு நத்தைகளும் புதிதாக வந்த இரண்டு கோமாளி மீன்களும் இருக்கின்றன. முன் கண்ணாடியைக் காலாவதியான வங்கி அட்டையால் நான்தான் வழிக்கிறேன். மணலுக்கு ஒரு அங்குலம் மேலேயே கையை நிறுத்திவிடுவேன். ஒரு மணல் துகள் அகப்பட்டால் கண்ணாடியில் நிரந்தரமாகக் கீறல் விழுந்துவிடும். பின் கண்ணாடி நத்தைகளுக்கு. இரவெல்லாம் மேய்ந்து, காலையில் பழுப்புக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பாதைகளை விட்டு வைத்திருக்கும்.

மாமிதான் வரும் நேரமெல்லாம் கேட்கிறார், இவ்வளவு சுத்தமான வீட்டில் அந்த ஒரு கண்ணாடி மட்டும் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று.