வாக்கியத்தின் உறவும் அயலும்

மாங்கேணி என்ற பெயரைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். மா முன்னால் நிற்கிறது; கேணி பின்னால் நிற்கிறது. மட்டக்களப்பின் வடக்கே, வாழைச்சேனையிலிருந்து வாகரைக்குச் செல்லும் வழியில் உள்ள காயாங்கேணி, பனிச்சங்கேணி ஆகிய ஊர்களின் பெயர்களும் இந்த ஒழுங்கிலேயே அமைந்துள்ளன. எத்தகையது என்பதை முதலில் கூறி, எது என்பதைப் பிறகு கூறுவது தமிழின் இயல்பு. சிங்களத்திலும் அப்படியே. பொல்கஹவெல என்றால் தென்னைமர வயல். பொல், கஹ, வெல என்ற மூன்று சொற்களும் நம்முடைய வரிசையிலேயே நிற்கின்றன. போர்த்துக்கேயர் பெயரிட்ட ரியோ டி ஜெனீரோவில் ஆறு முதலில் வருகிறது. சனவரி கடைசியில் வருகிறது.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. கால்டுவெல் 1856இல் தமது ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட பின்னர், தமிழ் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது உறுதிப்பட்டது. சிங்களமோ இந்தோ ஆரிய மொழி. ஆங்கிலத்துக்கும் போர்த்துக்கேயத்துக்கும் தூரத்து உறவு. பிறப்பால் அவற்றின் பக்கம் நிற்கவேண்டிய சிங்களம், வாக்கியத்தை அமைக்கும்போது நம் பக்கம் நிற்கிறது.

நான் வாசித்த புத்தகம் என்பதைச் சிங்களவர் 'மம கியவப்பு பொத' என்பார்கள். சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகிறது. ஆங்கிலத்தில் புத்தகம் முன்னே வந்துவிடும். வாசித்தது பின்னே வரும். வருகிறேன் என்று சொன்னார் என்பது 'எனவா கியலா கிவ்வா' ஆகும். நம்முடைய 'என்று' நிற்கும் இடத்தில் அவர்களுடைய 'கியலா' நிற்கிறது. இரண்டுமே சொல்லுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தவை. வேறுபாடுகளும் உண்டு. வந்தேன், வந்தாய், வந்தார் என்று நமது வினை ஆளைக் காட்டும். பேச்சுச் சிங்களத்தில் எல்லோருக்கும் 'ஆவா' ஒன்றே.

இவை அனைத்தும் தமிழ் கொடுத்த கொடை என்று உரிமை கோருவது பிழையாகும். சமஸ்கிருதத்திலும் வினை பெரும்பாலும் இறுதியிலேயே நின்றது. ஆனால் அயலின் செல்வாக்கை ஐயமின்றிக் காட்டும் சான்று ஒன்று மட்டக்களப்பிலேயே இருக்கிறது. போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை கட்டினர். 1638இல் அதை ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவர்களுடைய மொழியின் வழிவந்த ஒரு பேச்சு பறங்கியர் குடும்பங்களில் தங்கிவிட்டது. 1970களில் அதை ஆராய்ந்த மொழியியலாளர் இயன் சிமித், அதன் சொற்கள் போர்த்துக்கேயமாகவும் வாக்கிய அமைப்பு பெரும்பாலும் தமிழாகவும் இருப்பதை எடுத்துக்காட்டினார். போர்த்துக்கேயத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் 'பர' என்ற சொல், இங்கே தேய்ந்து, நமது 'கு' உருபைப் போலப் பெயரின் பின்னால் ஒட்டிக்கொண்டது. வினையும் இறுதிக்கு நகர்ந்தது. இலங்கை மலாய் மொழிக்கும் இவ்வாறே நேர்ந்தது. இவற்றின் தாய்மொழிகளான போர்த்துக்கேயமும் மலாயும் வினையை நடுவில் வைப்பவை.

மொழி, இரத்தத்தை மட்டும் பின்பற்றுவதில்லை. வாகரைப் பகுதியின் கரையோர வேடர்களைப் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911இல் எழுதினர். அம்மக்களின் தாய்மொழி இன்று தமிழ்.

அமெரிக்க அறிஞர் எமனோ, வெவ்வேறு குடும்பத்து மொழிகள் அயலில் வாழ்ந்து ஒன்றையொன்று ஒத்துவிடுவதை விளக்கி, 'இந்தியா ஒரு மொழியியற் பிரதேசம்' என்ற கருத்தை முன்வைத்த ஆண்டு 1956. இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். தமிழும் ஆட்சிமொழியாகும் என்று அரசியலமைப்பில் எழுதப்படுவதற்கு, 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம்வரை காத்திருக்க நேர்ந்தது.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், இந்த ஒற்றுமையை நாம் பயன்படுத்தவில்லை என்பதே என் ஆதங்கம். சிங்களத்தில் ஒருவர் ஆற்றும் உரை ஆங்கிலச் செய்தியாக மாறி, அந்த ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருவது வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. வாக்கியம் ஒருமுறை தலைகீழாகி, மறுபடியும் தலைகீழாகிறது. இதனால் அழகு மட்டுமா கெடுகிறது?

'எயா ஆவாலு' என்றால் அவர் வந்தாராம் என்று பொருள். தமிழின் 'ஆம்', சிங்களத்தின் 'லு' ஆகிய இரண்டும் வினையின் கடைசியில் ஒட்டி, இது நான் கண்டதன்று, கேட்டது என்று எச்சரிக்கின்றன. ஆங்கில வினையில் இத்தகைய ஒட்டு இல்லை. அதைத் தனிச் சொற்களால் கூறவேண்டும். அவசரத்தில் அச்சொற்கள் விடுபட்டால், தமிழ்ப் பக்கத்தில் 'வந்தார்' என்றே அச்சாகும். கேள்விப்பட்டது, நடந்ததாகிவிடும். வந்தார் என்ற இடத்தில் தாக்கினார் என்ற வினையை வைத்துப் பாருங்கள். இன மோதல்களும் வதந்திகளும் மலிந்த நாட்டில் அந்த ஓர் எழுத்தின் பெறுமதி சிறிதன்று.

ஆகவே, ஒவ்வொரு தமிழ்ச் செய்தி அறையிலும் சிங்களத்தை நேரடியாக வாசித்துத் தமிழில் எழுதக்கூடிய ஒருவராவது இருக்கவேண்டும்; சிங்களச் செய்தி அறைகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும். மாங்கேணிப் பிள்ளைக்குச் சிங்களம் கற்பிக்கும் ஆசிரியரும் ஆங்கில இலக்கணத்தின் வழியே சுற்றிப்போக வேண்டியதில்லை. பிள்ளையின் சொந்த வாக்கியத்தை எடுத்து, அதே வரிசையில் சிங்களச் சொற்களை வைத்துக் காட்டினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.