அப்பா வாங்கின பொட்டி

பொட்டி தட்டுறதுதான் பொழப்பு. ஆனா வீட்டுப் பொட்டியை மட்டும் ரொம்ப நாளா கண்டுக்கவே இல்லை. 2011-ல் நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா பி.எஃப். லோன் போட்டு வாங்கினது. ஐ3-2100, ரெண்டே கோர். "ஒரு ஃபைல் திறக்கறதுக்குள்ள காப்பி ஆறிடுதுடா" என்றார் போன வாரம். புதுசு வாங்கித் தர்றேன்னா, "இதுக்கென்ன குறைச்சல்?" னு ஒரே பிடிவாதம்.

சரி, பிராசசரையாவது மாத்துவோம்னு உட்கார்ந்தேன். எல்ஜிஏ 1155 சாக்கெட். இன்டெலோட ரெண்டாம், மூணாம் தலைமுறை மட்டும்தான் பொருந்தும். ஐ7-2600 நாலு கோர், 95 வாட். 2012-ல் வந்த ஐ7-3770-க்கும் அதே நாலு கோர், ஆனா 77 வாட்தான். இதைப் போடணும்னா பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் பண்ணிடணும். இல்லேன்னா பொட்டி கிளம்பாமலே போகலாம். எதைப் போட்டாலும் விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியல்ல ரெண்டுமே கிடையாது.

செகண்ட் ஹேண்ட்ல 3770 வாங்கப் போற நேரத்துல, எதுக்கும் இருக்கட்டும்னு டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு 20 சதவீதம். டிஸ்க் 100!

முதல்ல பார்க்க வேண்டியதைக் கடைசியில பார்த்திருக்கேன். இஞ்சினியராம்!

பிராசசர் அப்படியே இருக்கு. எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏத்திட்டேன். அப்பா திறந்து பார்த்துட்டு சொன்னது ஒண்ணுதான்: "நான்தான் சொன்னேனே, பொட்டி நல்ல பொட்டின்னு."