வெடித்த கழுத்து

நரம்புக் கருவி எதுவாயினும் அதன் உறுதி கழுத்திலேயே தங்கியுள்ளது. யாழுக்குக் கோடும் பத்தரும் போல, வீணைக்குத் தண்டியும் குடமும் உள. சுவாமி விபுலாநந்தர் 1947 ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ் நூலை மாணவர்க்கு எடுத்துரைக்கும் பொழுதெல்லாம், கோடு முறிந்த யாழைக் கையில் ஏந்திய பாணன் எவ்வாறு நின்றிருப்பான் என நாம் எண்ணுவதுண்டு. சென்ற ஆண்டு அத்தகைய ஒருவனை நேரிற் கண்டோம். அவன் கையில் இருந்ததோ கிற்றார்.

அவன் எம் மாணவன், தந்தையை இழந்தவன். விடுமுறை நாள்களில் அச்சகம் ஒன்றில் வேலை செய்து சேர்த்த பணத்தைக் கொடுத்து, ஒருவர் பாவித்த பழைய கிற்றாரை வாங்கியிருந்தான். கழுத்துந் தலையுங் கூடுமிடத்தின் பின்புறத்தே மயிரிழை போன்ற கீறல் ஒன்று ஓடிற்று. விற்றவர் அதனை வெறும் வர்ணக் கீறல் என்றாராம். மூன்றாம் நாளே கருவி சுருதியில் நிற்க மறுத்தது. திருப்பிப் பெற விற்றவரும் மறுத்தார். கல்லூரி இசைவிழாவுக்கோ மூன்று கிழமைகளே இருந்தன. எம் தந்தையார் தச்சுத் தொழில் செய்தவர் என்பதையும், அவருடைய ஆயுதங்கள் எம்மிடம் உள என்பதையும் அறிந்து அவன் எம் இல்லம் வந்தான்.

முதலில் அறியவேண்டியது, கீறியது பூச்சா, மரமா என்பதே. விளக்கைச் சாய்வாகப் பிடித்து நோக்கினோம், நகத்தால் வருடினோம். பின்னர்த் தந்திகளைத் தளர்த்தி, தலையை மிக மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தோம். பூச்சில் மாத்திரம் உள்ள கீறல் அசையாது. இதுவோ வாய் திறந்து மூடிற்று. மரமே வெடித்திருந்தது.

இவ்விடத்தில் வெடிப்பதற்குக் காரணம் உண்டு. சுருதி கூட்டிய இரும்புத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் வலுவுடன் கழுத்தை இழுக்கின்றன. தலை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், ஒரே மரத்திற் செதுக்கிய கழுத்தில் இழைகள் அவ்விடத்தே குறுக்காக அறுபடுகின்றன. கழுத்து வளையாதிருக்க உள்ளே வைக்கும் இரும்புக் கோலின் முனையும் பல கருவிகளில் அங்கேயே அமைவதால், அதற்கெனக் குடைந்த அளவுக்கு மரமும் குறைகின்றது. கருவி மல்லாந்து விழுந்தால், பிருடைகளின் பாரத்தால் தலை பின்னே வெட்டி இழுபட, மெலிந்த இடம் விட்டுவிடுகின்றது.

எனினும் நம்பிக்கைக்கு இடமிருந்தது. வெடிப்பு இழையோட்டத்தைத் தழுவிச் சாய்வாக நீண்டிருந்தது. அத்தகைய வெடிப்பிற் பசை பற்றுவதற்குப் பரந்த முகம் உண்டு. குறுக்காக முறிந்திருப்பின், மரச்சட்டங்களைப் பதித்து வலுவூட்டாது ஒட்டுதல் வீண். முன்னர் எவரும் பசை தடவியிருக்கவுமில்லை. பழம்பசை படிந்த மரத்திற் புதுப்பசை பற்றாது.

இவற்றையெல்லாம் விளக்கி முடித்தபின் மாணவன் தலைகுனிந்தவாறு கூறினான்: “ஐயா, கீறலின்மேல் நிறம் பூசி வேறொருவருக்கு விற்றுவிடும்படி மாமா சொல்கிறார். போட்ட காசாவது வருமாம்.”

நாம் அறிவுரை கூறவில்லை. வறுமையுடையானுக்கு அப்பணம் எத்துணைப் பெரிதென்பதை நாம் அறிவோம். “தம்பி, வாங்குபவன் யாராக இருப்பான்?” என்று மட்டுங் கேட்டோம். நெடுநேரம் வாளாவிருந்தவன், “என்னைப் போல ஒருவன்தான், ஐயா. ஒட்டுவோம்” என்றான்.

தந்திகளை முற்றாகக் கழற்றினோம். இரும்புக் கோலின் முனையிற் பசை இறங்காதவாறு மெழுகால் அடைத்தோம். விரைவில் இறுகும் பசையை விலக்கினோம். அஃது உடனே பற்றுவதால் மரத்தைச் செவ்வனே பொருத்த அவகாசந் தராது. தச்சர் வழங்கும் வெள்ளைப் பசையை, வெடிப்பைச் சிறிதே திறந்து, மெல்லிய தாளின் விளிம்பால் உட்செலுத்தினோம். மறுபுறத்தே பசை கசியுமளவும் விரலால் அழுத்தினோம். கசிந்ததை ஈரத்துணியால் துடைத்து, மெழுகுத்தாள் சுற்றி, கழுத்தின் வளைவுக்கேற்பச் செதுக்கிய கட்டைகளை இருபுறமும் வைத்து, இரும்புப் பிடிகளைப் பூட்டினோம். பொருந்துமளவே இறுக்கினோம், மிக இறுக்கினால் வேண்டிய பசையும் வெளியேறிவிடும். பிடிகளை ஒரு நாள் கழித்துக் கழற்றினோம். மேலும் ஐந்து நாள் கருவியைத் தொடவில்லை. அதன்பின் தந்திகளைப் பூட்டி, நாளுக்குச் சிறிதாக ஏற்றி, நான்காம் நாளில் முழுச் சுருதி கூட்டினோம். சுருதி நின்றது.

இசைவிழாவில் அவன் வாசித்தான். அதன்பின் பத்து மாதங்கள் ஆயின, ஒட்டு விடவில்லை. இனியும் விடாதென உறுதி கூறோம். நன்கு ஒட்டிய இடம் பெரும்பாலும் மீண்டும் விடுவதில்லை. இன்னொரு வீழ்ச்சியிற் பக்கத்து மரம் விடுதல் கூடும்.

பழைய மாணவர் சிலரது இல்லங்களிலும் இவ்வாறு கழுத்து வெடித்த கருவிகள் மூலையிற் கிடத்தல் கூடும். எறியுமுன் விளக்கைச் சாய்த்து ஒருமுறை நோக்குக. ஒட்ட இயலாதெனக் கண்டால் அவ்வாறே கூறிக் கொடுத்துவிடுக.

எம் மாணவன் அந்த ஒட்டின்மேல் நிறம் பூசவில்லை. கைபட்டு உறுத்தாதவாறு அரத்தாளால் தேய்த்து விட்டிருக்கின்றான். என்றேனும் அக்கருவியை விற்க நேரின், வாங்குபவர் கண்ணில் முதலிற் படுவது அந்த ஒட்டாகவே இருக்கும்.