சட்டைப்பையில் ஒரு சிறு கத்தி

சட்டைப்பைக் கத்தி ஆயுதமன்று. பழம் நறுக்கவும் பார்சல் கயிற்றை அறுக்கவும் உதவும் அன்றாடக் கருவி. என் அத்தாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது, நீரிழிவும் உண்டு. சிறு கீறலும் ஆற நாளாகும். அவரிடமிருந்து கத்தியை வாங்கி வைத்துவிடலாம் என்றனர் வீட்டார். தம் பழத்தைத் தாமே நறுக்கி உண்பவரின் கையை முடக்க எனக்கு மனம் வரவில்லை. தகுந்த கத்தியைத் தேடினேன்.

முதலில் பார்த்தது பூட்டு. பூட்டில்லாத மடக்குக் கத்தி, அழுத்தும்போது மடங்கி விரலை வெட்டக்கூடும். பிரான்சில் ஜோசப் ஒபினெல் 1890இல் உருவாக்கிய மலிவான மரப்பிடிக் கத்திக்கு, 1955இல் சுழல் வளையம் ஒன்று சேர்க்கப்பட்டது. அதைத் திருப்பினால் விரித்த அலகு மடங்காது. அடுத்து அளவு: அதில் ஆறாம் எண் கத்தியின் அலகு சுமார் 7 செ.மீ.; பழத்துக்கு அது போதும். மூன்றாவது உலோகம்: கார்பன் எஃகு எளிதில் கூர்மை பெறும், ஆனால் ஈரம் துடைக்காவிடில் துருப்பிடிக்கும். ஆகவே துருப்பிடிக்காத எஃகையே தேர்ந்தேன்.

மழுங்கிய கத்திக்கு அழுத்தம் அதிகம் வேண்டும். வழுக்கிக் கையை வெட்டுவதும் அதுவே. எனவே சாணைக்கல்லும் வாங்குங்கள். பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விமானப் பயணத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். வீட்டு முதியோருக்கு வாங்குவதாயின், அவர் கையாலேயே விரித்து மடக்கிப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள்.