ஐந்தாவது பயணச்சீட்டு

நாகஸ்வரக் குழுக்களின் வருவாயைப் பற்றிய என் ஆய்வேட்டில் பயண நாளுக்கென ஓர் அட்டவணைக் கட்டம் மட்டுமே உண்டு. அதில் அடங்காத ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன். கச்சேரியைப் பற்றி எழுதுவோர் பலர். இரண்டு கச்சேரிகளுக்கு இடையில் கலைஞர் என்ன ஆகிறார் என்பதை நம் இசையியல் அரிதாகவே கேட்கிறது.

சென்ற பங்குனி உத்திரத்திற்குக் கும்பகோணம் பக்கத்துக் குழு ஒன்றுடன் போர்ட் பிளேர் சென்றேன். (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது, அங்குள்ள தமிழர் பேச்சில் பழைய பெயரே புழங்குகிறது.) இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஆக நால்வர். அந்தமான் விமானத்தளம் கடற்படையின் பொறுப்பில் இருப்பது. பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் பகலிலேயே இறங்குகின்றன. ஆகவே இரவு ஒன்பது மணிக்கு வேனில் புறப்பட்டு, விடியுமுன் மீனம்பாக்கம் சேர்ந்து, முற்பகலில் தீவில் இறங்கி, அன்று மாலையே சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்க வேண்டும். ஓர் இரவு உறக்கம் இத்தொழிலில் கணக்கெழுதப்படாத முதலீடு.

உள்நாட்டு விமானங்களில் ஒருவருக்குப் பொதுவாக 15 கிலோ சரக்குச் சுமை, 7 கிலோ கைச்சுமை. பலாமரத்தில் குடைந்த தவில், பெட்டியோடு 14 கிலோவைத் தாண்டியது. தவில்காரர்களின் வேட்டி துண்டெல்லாம் நாகஸ்வரக்காரர்களின் பைக்கு மாறின. சுமை எடுப்பதற்கு முன் மூத்த தவில் வித்வான் தரையில் அமர்ந்து திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். வார்கொண்டு இழுத்துக் கட்டிய பழைய தவிலில் இவ்வளவு எளிதாகத் தளர்த்தவும் இறுக்கவும் இயலாது. இரும்பு வளையமும் திருகாணியும் தவிலின் நாதத்தைக் கெடுத்தன என்று குறைபடுவோர் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

நாகஸ்வரம் அணைசு கழற்றப்பட்டுக் கையோடு வந்தது. சீவாளி கோத்த கயிற்றில் தொங்கிய ஊசியைச் சோதனைக் காவலர் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணியும் மைதாப் பசையும் சேர்த்துச் செய்த விரல் கூடுகளை, "இது என்ன, மருந்தா?" என்று கேட்டார். தவில் வித்வான் கூட்டை விரலில் மாட்டி மேசையில் இரண்டு சொல் தட்டிக் காட்டினார். வரிசை முழுவதும் சிரித்தது.

ஐந்தாவதாக ஒருவர் வரவேண்டியவர், வரவில்லை. தாளம் போடும் பதினேழு வயது மாணவர். கோயில் குழு நான்கு சீட்டுக்கே பணம் அனுப்பியிருந்தது. தாளத்துக்கு உள்ளூரில் ஆள் உண்டு என்றார்கள். நியாயமான சிக்கனந்தான். எனக்கு ஒத்துக்காரரின் நினைவு வந்தது. நெடிய குழலில் சுருதி ஊதி நின்ற அவரை மின்சுருதிப் பெட்டி முன்பே குழுவிலிருந்து அகற்றிவிட்டது. ஒத்து ஊதியும் தாளம் போட்டும் குருவின் அருகில் நிற்பதுதான் இக்கலையில் பாடசாலை. மேலை இசையில் செல்லோ வாசிப்பவர் தம் கருவிக்கென்று தனி இருக்கை வாங்கிப் பறப்பதுண்டு. இசைக்கருவிகளைக் கைச்சுமையாக ஏற்பதற்கு அமெரிக்காவில் 2012இல் சட்டமே இயற்றினார்கள். கருவிக்கு இருக்கை கேட்கும் வழக்கம் அங்கே வந்துவிட்டது. மாணவனுக்கு இருக்கை கேட்கும் இடத்தில் நாம் இன்னும் நிற்கிறோம்.

விமானம் ஏறியபின் மூத்தவரிடம் கப்பல் பயணத்தைப் பற்றிக் கேட்டேன். சென்னையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர், மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அவர் சிறுவனாக ஒருமுறை பங்க் வகுப்பில் சென்றிருக்கிறார்.

"மூணு நாளும் வேற என்னம்மா வேல? எங்க வாத்தியார் பலகையில தட்டித் தட்டிச் சொல்லு சொல்வாரு. வாந்தி எடுத்துட்டு வந்து உக்காந்து திருப்பிச் சொல்லணும். ரெண்டு மோரா அந்தக் கடல்லதான் வந்துச்சு."

கப்பலைப் போற்றிப் பாட நான் வரவில்லை. அந்த வாந்தியை அவர் மறக்கவில்லை. ஆண்டுக்கு நாற்பது ஊர் செல்பவர் மூன்று நாளைக் கடலில் கழிக்கவும் முடியாது. ஆனால் பங்க் வகுப்பில் கூடுதலாக ஒரு சிறுவனை அழைத்துச் செல்வது வாத்தியாரால் இயன்றது, விமானத்தில் இயலவில்லை.

தீவில் காற்று ஈரமாக இருந்தது. பெட்டியைத் திறந்தபோது தவில் தோல் இறங்கியிருந்தது. திருகாணிகளை மீண்டும் இறுக்கி, தட்டிக் கேட்டு, மறுபடி இறுக்கினார்கள். நண்பகல் உணவுக்குப்பின் உறங்க எண்ணியிருந்த ஒன்றரை மணி நேரம் அதிலேயே போயிற்று. கடிகாரம் ஒன்றேயாயினும் சூரியன் ஒன்றல்ல. போர்ட் பிளேரில் சென்னையைவிட ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முன்னதாக அந்தி சாய்ந்துவிடுகிறது. ஆறு மணிக்குப் புறப்பாடு என்றால் அங்கே இருட்டிய பின்.

கம்பீரநாட்டையில் மல்லாரி தொடங்கியது. தாளம் போட்டவர் துறைமுகத்தில் வேலை செய்யும் இளைஞர். காலப்பிரமாணம் வழுவாமல், அக்கறையோடு போட்டார். அவரிடம் குறை காண ஒன்றுமில்லை. வாசிப்பின் நடுவே தவில் வித்வான் ஒரு கோர்வையை முடித்துவிட்டு, வழக்கப்படி இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். ஊரில் அந்த இடத்தில் மாணவர் நிற்பார். எந்த இடத்தில் எடுத்தோம் என்பது பார்வையாலேயே அவருக்குச் சொல்லப்படும். இளைஞர் மரியாதையாகப் புன்னகைத்தார்.

இரவு பத்தரைக்கு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. மாணவர் கேட்டது ஒன்றே: "மல்லாரிக்கு அப்புறம் என்ன வாசிச்சீங்க ஐயா?" வித்வான் ராகத்தின் பெயரைச் சொன்னார். பிறகு கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு, விடுதிக் கட்டிலின் பலகையில் அந்தக் கோர்வையைத் தட்டினார். தொடர்பு விட்டுவிட்டு வந்ததால் மூன்று முறை தட்டவேண்டியதாயிற்று.

மறுநாள் காலை சம்பாவனை வாங்கும்போது கோயில் குழுச் செயலரிடம் அவர் சொன்னதை என் குறிப்பேட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்: "அடுத்த வருஷம் பையனுக்கும் ஒரு சீட்டு போட்டுடுங்க. வேணும்னா என் பணத்துல பிடிச்சுக்குங்க." செயலர் நல்ல மனிதர். "பாக்கலாம் ஐயா" என்றார்.